1966 மஸ்டாங்குக்குச் சக்கரமும் டயரும் தேர்ந்தெடுப்பது எப்படி?

நீங்கள் கேட்டிருப்பது இது: 1966ஆம் ஆண்டு ஃபோர்டு மஸ்டாங் கூப்பே ஒன்றை முழுவதுமாகப் பிரித்துச் சீரமைத்து வருகிறீர்கள், எஞ்சின் 289 கன அங்குல வி-8, முன்பக்க டிரம் பிரேக்கை எடுத்துவிட்டு டிஸ்க் பிரேக் பொருத்தவும், காரை ஓர் அங்குலம் தாழ்த்தவும் எண்ணியிருக்கிறீர்கள். 15 அங்குலச் சக்கரம் நல்லதா, 17 அங்குலம் நல்லதா, எவ்வளவு அகலமான டயர் எங்கும் உரசாமல் ஓடும் என்று அறிய விரும்புகிறீர்கள். பிடித்துப்போன ஒரு ரிம்மின் படத்தையும் அனுப்பி, அது பொருந்துமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

படத்தைப் பார்த்து அதற்கு விடை சொல்ல இயலாது. ஒரே வடிவ ரிம் நான்கைந்து அகலங்களிலும், ஒவ்வோர் அகலத்திலும் இரண்டு மூன்று ஆஃப்செட்டுகளிலும் (ரிம் காரில் எவ்வளவு உள்ளேயோ வெளியேயோ தள்ளி அமரும் என்ற அளவு) விற்கப்படுகிறது. அவற்றுள் ஒன்று உங்கள் காரில் தொழிற்சாலையிலேயே பூட்டியதுபோல் அமரும், இன்னொன்று முதல் வளைவிலேயே மட்கார்டை அறுக்கும். எனவே ரிம்மைக் கடைசியாகத் தேர்ந்தெடுங்கள் என்பதே நான் முதலில் சொல்ல வேண்டியது. ஸ்பிரிங், பிரேக், பின் ஆக்சில் ஆகியவை முடிவான பிறகு காரை அளக்க வேண்டும். அளவுக்கு ஏற்ற டயரை முடிவு செய்ய வேண்டும். அந்த டயரை அந்த இடத்தில் நிறுத்தக்கூடிய ரிம் எது என்று அதற்குப் பிறகுதான் தேட வேண்டும். பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு, பின்னர் ஸ்பேசர் (ரிம்மை வெளியே தள்ள இடையில் வைக்கும் தகடு) வாங்கவும் மட்கார்டு விளிம்பைத் தட்டவும் செலவழிக்கிறார்கள்.

தொழிற்சாலையிலிருந்து இந்தக் கார் எப்படி வந்தது என்பதிலிருந்து தொடங்கலாம். 1965, 1966 ஆண்டுகளின் பெரும்பாலான வி-8 மஸ்டாங்குகளில் 14 அங்குல ரிம்மும் 6.95-14 என்ற அளவுள்ள பயஸ் டயரும் (உள்ளிழைகள் சாய்வாகக் குறுக்கிடும் பழைய வகை) இருந்தன. அந்த டயரின் உயரம், அதாவது தரையிலிருந்து உச்சிவரையுள்ள மொத்த விட்டம், ஏறத்தாழ 25 அங்குலம். உள்ளிழைகள் நேர்க்குறுக்காகச் செல்லும் இன்றைய ரேடியல் டயர் அளவில் அதற்கு மாற்றாகப் பலரும் பூட்டுவது 195/75ஆர்14. அதன் விட்டம் 25.5 அங்குலம். இந்த 25 முதல் 25.7 அங்குலம் வரையுள்ள இடைவெளியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். காரின் சக்கரக் குழி, கியர் விகிதம், ஸ்பீடோமீட்டர், பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது தெரியும் தோற்றம் ஆகிய அனைத்தும் இந்த உயரத்துக்காக வகுக்கப்பட்டவை. ரிம் 14 அங்குலமாக இருந்தாலும் 17 அங்குலமாக இருந்தாலும் டயரின் மொத்த உயரம் இதற்கு அருகில் நிற்க வேண்டும். ரிம் பெரிதானால் டயரின் பக்கச்சுவர் அந்த அளவுக்குக் குறைய வேண்டும்.

கணக்கு எளியது. டயரின் அகலத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அடுத்து வரும் விழுக்காட்டால் பெருக்கினால் பக்கச்சுவரின் உயரம் கிடைக்கும். அதை இரட்டித்து, ரிம்மின் விட்டத்தை மில்லிமீட்டராக்கிக் கூட்டினால் டயரின் மொத்த விட்டம். 215/60ஆர்15 என்றால் பக்கச்சுவர் 129 மி.மீ., இரண்டு பக்கமும் 258, ரிம் 381, மொத்தம் 639 மி.மீ.; அதாவது 25.2 அங்குலம். 225/60ஆர்15 டயர் 25.6 அங்குலம் வரும். 17 அங்குலத்தில் 215/45ஆர்17 டயர் 24.6, 235/45ஆர்17 டயர் 25.3, 245/45ஆர்17 டயர் 25.7 அங்குலம். உற்பத்தியாளருக்கு உற்பத்தியாளர் சில மில்லிமீட்டர் மாறும் என்பதால், முடிவெடுக்கும் முன் அந்தக் குறிப்பிட்ட டயரின் அட்டவணையையும் பார்த்துவிடுங்கள்.

உயரம் குறைந்தால் என்ன ஆகும் என்று கேட்கலாம். பின் ஆக்சிலின் விகிதம் 3.00, அதாவது ஆக்சிலுக்கு வரும் தண்டு மூன்று முறை சுழன்றால் சக்கரம் ஒருமுறை சுழலும் என்று வைத்துக்கொள்வோம். 25.5 அங்குல டயரில் மணிக்கு 60 மைல் வேகத்தில் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,370 சுற்று சுழலும், 24.6 அங்குல டயரில் அதே வேகத்துக்கு ஏறத்தாழ 2,460 சுற்று. விகிதம் 3.11 ஆக மாறியதற்கு இது சமம். நகரத்தில் கொஞ்சம் துடிப்பாக இருக்கும், நெடுஞ்சாலையில் கொஞ்சம் இரைச்சலாக இருக்கும், அவ்வளவுதான். ஸ்பீடோமீட்டர் மட்டும் உண்மையான வேகத்தைவிட 3 விழுக்காட்டுக்கும் மேல் கூடுதலாகக் காட்டும். கியர்பெட்டியில் கேபிளின் முனையிலுள்ள சிறிய பிளாஸ்டிக் பற்சக்கரத்தை வேறு பல் எண்ணிக்கை உள்ளதாக மாற்றினால் அது சரியாகிவிடும். இதில் பயப்பட ஒன்றுமில்லை. பயப்பட வேண்டியது அகலத்திலும் ஆஃப்செட்டிலும்தான்.

பழைய அமெரிக்கக் கார்க்காரர்கள் ஆஃப்செட் என்பதைவிட பேக்ஸ்பேசிங் என்ற அளவையே அதிகம் பேசுவார்கள். ரிம்மைக் குப்புறக் கிடத்தி, உள்விளிம்பின் மேல் ஒரு நேரான சட்டத்தை வைத்து, அதிலிருந்து ஹப்பில் (ரிம் திருகப்படும் சக்கர மையம்) அமரும் முகம்வரை அளந்தால் கிடைப்பது பேக்ஸ்பேசிங். ஆஃப்செட் என்பது ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அந்த முகம் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பது. ஒன்றிலிருந்து மற்றதைக் கணக்கிடும்போது பலர் தவறுவது ஓரிடத்தில்: ரிம்மின் பெயரில் வரும் அகலம் டயரின் விளிம்பு அமரும் இடத்தின் அகலமேயன்றி, ரிம்மின் மொத்த அகலம் அன்று, மொத்த அகலம் அதைவிட ஏறத்தாழ ஓர் அங்குலம் கூடுதல். ஆகவே 17×8 ரிம்மின் மொத்த அகலம் 9 அங்குலம், நடுக்கோடு 4.5 அங்குலத்தில், பேக்ஸ்பேசிங் 4.75 அங்குலமானால் ஆஃப்செட் 0.25 அங்குலம், அதாவது நேர்மறை 6 மி.மீ. எட்டை இரண்டால் வகுத்து நான்கு என்று எடுத்துக்கொண்டால் ஏறத்தாழ 13 மி.மீ. பிசகும், மஸ்டாங்கின் பின் குழியில் மொத்தமாகவே அவ்வளவு இடைவெளிதான் மிஞ்சும்.

இந்தக் காரின் பின்பக்கத்தில் உள்ளே லீஃப் ஸ்பிரிங் (ஆக்சிலைத் தாங்கும் பட்டை வில்), வெளியே மட்கார்டின் மடித்த விளிம்பு, இரண்டுக்கும் நடுவில்தான் டயர் நிற்க வேண்டும். தொழிற்சாலை ஆக்சில், சக்கரம் அமரும் ஒரு முகத்திலிருந்து மறுமுகம்வரை 57.25 அங்குலம். ஆக்சில் மாறாமல் இருக்கும்வரை, பலரும் சோதித்து உறுதிசெய்த பொருத்தங்கள் உண்டு: 15×7 ரிம், 4.25 அங்குல பேக்ஸ்பேசிங், 225/60ஆர்15 டயர். அல்லது 17×8 ரிம், 4.75 அங்குல பேக்ஸ்பேசிங், 235/45ஆர்17 டயர். 245 அகலமும் பல கார்களில் போகிறது. ஆனால் "பல கார்களில்" என்பதை "உங்கள் காரில்" என்று படித்துவிடாதீர்கள். அறுபதுகளின் தொழிற்சாலைப் பொருத்தம் இன்றைய அளவுக்குத் துல்லியமானதன்று. ஒரே காரில் இடப்பக்கக் குழியும் வலப்பக்கக் குழியும் கால் அங்குலம் வேறுபடுவது சாதாரணம். இடையில் எப்போதோ விபத்தில் சிக்கி மட்கார்டு மாற்றப்பட்ட கார் என்றால் வேறுபாடு இன்னும் கூடும். இரண்டு பக்கமும் அளந்து, குறுகிய பக்கத்துக்கே டயர் வாங்க வேண்டும்.

அளக்கும் முறையைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் மற்ற எல்லாம் இதைச் சார்ந்தவை. எஞ்சினும் கியர்பெட்டியும் உள்ளே இருக்க வேண்டும். முடிவாகப் பூட்டப்போகும் ஸ்பிரிங்குகளே இருக்க வேண்டும். காரின் எடை ஆக்சிலின் மீதே நிற்க வேண்டும், சேஸியின் மீது ஜாக்கி முட்டுக் கொடுத்து ஆக்சிலைத் தொங்கவிட்டு எடுத்த அளவு எதற்கும் உதவாது. பிரேக் டிரம் அல்லது டிஸ்க் பூட்டிய நிலையில், சக்கரம் அமரும் முகத்தில் ஒரு நேரான சட்டத்தைச் செங்குத்தாக வைத்து, அங்கிருந்து உள்பக்கம் லீஃப் ஸ்பிரிங்குக்கும், சற்று மேலே உள்சுவருக்கும், வெளிப்பக்கம் மட்கார்டு விளிம்பின் உள்முனைக்கும் அளக்க வேண்டும். இப்போது 17×8 ரிம்மில் 245 டயர் வைத்துப் பார்ப்போம். அந்த டயரின் அகலம் அந்த ரிம்மில் 9.65 அங்குலம், ரிம் 9 அங்குலம். ஆக டயர் ஒவ்வொரு பக்கமும் 0.32 அங்குலம் பிதுங்கி நிற்கும். பேக்ஸ்பேசிங் 4.75 ஆனால் டயரின் உள்பக்கம் முகத்திலிருந்து 5.07 அங்குலத்திலும், வெளிப்பக்கம் 4.58 அங்குலத்திலும் வரும். உள்ளே குறைந்தது அரை அங்குலமாவது இடைவெளி வேண்டும். லீஃப் ஸ்பிரிங் வைத்த ஆக்சில் வளைவுகளில் பக்கவாட்டில் நகரும் என்பதை மறக்கக் கூடாது. வெளியே 0.4 அங்குலம் இருந்தால் பொதுவாகப் போதும். எனவே உள்ளே 5.6 அங்குலமும் வெளியே 5 அங்குலமும் உங்கள் அளவில் கிடைத்தால் 245 போகும். கிடைக்காவிட்டால் 235 வாங்குங்கள். அந்தப் பத்து மில்லிமீட்டருக்காக அழகான காரைச் சுத்தியலால் தட்ட வேண்டியதில்லை. அப்படியும் விளிம்பை மடித்தே ஆக வேண்டுமானால், வண்ணம் அடிப்பதற்கு முன் உருளையால் மெல்ல மடியுங்கள், வெட்டாதீர்கள். அந்த விளிம்பு வெளித்தகட்டையும் உள்கூட்டையும் பற்றவைத்துச் சேர்த்த இடம். வெட்டினால் இரண்டும் பிரியும், பிறகு துரு உள்ளே இறங்கும்.

முன்பக்கம் இன்னும் நுட்பமானது, ஏனென்றால் சக்கரம் மேலும் கீழும் போவதோடு திரும்பவும் செய்கிறது. வெளியே மட்கார்டு விளிம்பு. உள்ளே ஸ்டீயரிங் கம்பியின் மூட்டு. முழுவதும் திருப்பும்போது ஸ்வே பாரும் (வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் கம்பி) சேஸியும். இங்கே அகலத்துக்கு ஆசைப்படாதீர்கள். 15 அங்குலத்தில் 15×7, 4.25 பேக்ஸ்பேசிங், 205/60ஆர்15. 17 அங்குலத்தில் 17×7, அதே 4.25 பேக்ஸ்பேசிங், 215/45ஆர்17. அளப்பதற்குச் சிறந்த வழி சுருள் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, ஜாக்கியால் சக்கரத்தை மெல்ல மேலேற்றி, ஒவ்வொரு உயரத்திலும் இடமும் வலமும் முழுவதும் திருப்பிப் பார்ப்பதுதான். நண்பர் ஒருவரிடம் அந்த அளவில் ஒரு சக்கரம் இருந்தால் அரைநாளுக்கு இரவல் வாங்குங்கள். எந்தக் கணக்கும் அதற்கு ஈடாகாது.

நீங்கள் காரைத் தாழ்த்தப்போவதால் இரண்டு செய்திகள் சேர்த்துச் சொல்ல வேண்டும். மேல் கன்ட்ரோல் ஆர்மின் (முன் சக்கரத்தை உடலோடு இணைக்கும் மேல்கை) பொருத்துதுளைகளை ஓர் அங்குலம் கீழே இறக்கும் முறை இந்தக் காருக்கு மிகவும் நல்லது; மஸ்டாங்கின் பந்தய வடிவமான ஷெல்பி ஜிடி350 கார்களில் 1965ஆம் ஆண்டு இது செய்யப்பட்டது. கார் வளைவில் சாயும்போது சக்கரத்தின் மேல்பக்கம் உள்நோக்கிச் சாய்வது அதனால் கூடும், டயர் மட்கார்டு விளிம்பிலிருந்து விலகும், பிடிப்பும் கூடும். இரண்டாவது காஸ்டர், அதாவது பக்கவாட்டில் பார்க்கும்போது சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வு. தொழிற்சாலை கொடுத்த அலைன்மென்ட் (சக்கரக் கோணங்களைச் சீர்செய்தல்) எண்கள் பயஸ் டயருக்கானவை. ரேடியல் டயருக்கு இரண்டு முதல் மூன்று டிகிரி நேர்மறைக் காஸ்டர் வைத்தால்தான் நெடுஞ்சாலையில் கார் நேராக ஓடும். ஆனால் இந்தக் காரில் ஸ்ட்ரட் கம்பியை (கீழ்க்கையை முன்சட்டத்தோடு இணைப்பது) இழுத்து அந்தக் காஸ்டரைக் கொண்டுவரும்போது சக்கரம் முழுவதுமே முன்னோக்கி நகர்ந்து, மட்கார்டின் முன்கீழ் மூலைக்கு அருகில் போய்விடும். ஆகவே அலைன்மென்ட் செய்த பிறகே முன் இடைவெளியைக் கடைசியாகச் சரிபார்க்க வேண்டும். பழைய எண்களையே கணினியில் ஏற்றி அலைன்மென்ட் செய்து தரும் கடைகள் நிறைய. உங்களுக்கு வேண்டிய எண்களைத் தாளில் எழுதிக் கையில் கொடுத்துவிடுங்கள்.

பிரேக்கைப் பற்றி. 11 அங்குலத்தையொட்டிய டிஸ்க்குகள் பெரும்பாலும் 15 அங்குல ரிம்முக்குள் அடங்கும். 13 அங்குல டிஸ்க் வைக்க நினைத்தால் 17 அங்குல ரிம்மைத் தவிர வேறு வழியில்லை. ரிம்மின் விட்டம் மட்டும் பார்த்தால் போதாது. ஆரங்களின் பின்புறம் கேலிப்பரில் (டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பிரேக் கவ்வி) இடிக்கிறதா என்பதும் பார்க்கப்பட வேண்டும். அறுபதுகளின் பாணியில் நேர் ஆரங்கள் உள்ள சில ரிம்கள் டிரம் பிரேக்குக்காக வரையப்பட்டவை. விட்டம் போதுமானதாக இருந்தும் கேலிப்பர் இடிக்கும். பிரேக் தொகுப்பு விற்பவரிடம் காகித வார்ப்புரு இருக்கும், அதை அட்டையில் வெட்டி ரிம்முக்குள் சுழற்றிப் பாருங்கள். இன்னொரு செய்தியை விற்பவர்கள் தாமாகச் சொல்வதில்லை: சில டிஸ்க் தொகுப்புகள் சக்கரம் அமரும் முகத்தையே வெளியே தள்ளிவிடும். அப்படித் தள்ளினால் மேலே சொன்ன பேக்ஸ்பேசிங் எண்கள் அனைத்தும் அந்த அளவுக்கு மாறும். அளப்பதற்கு முன் பிரேக் பூட்டப்பட்டிருக்க வேண்டும் என்று வலியுறுத்தியது இதனால்தான்.

இனி 15ஆ, 17ஆ என்ற கேள்வி. என் கண்ணுக்கு இந்தக் கார் 15 அங்குலத்தில்தான் தன் காலத்தோடு ஒட்டி நிற்கிறது. 1965ஆம் ஆண்டின் ஷெல்பி ஜிடி350 கார்கள் 15 அங்குலச் சக்கரத்தில்தான் வந்தன. அன்றைய பாணியிலுள்ள ரிம்கள் பல 15×7 அளவில் எளிதில் கிடைக்கின்றன. பக்கச்சுவர் உயரமாக இருப்பதால் பள்ளங்களில் உடம்பும் ரிம்மும் தப்பிக்கும். குறை என்னவென்றால், 15 அங்குலத்தில் இந்த அகலங்களில் இன்று கிடைக்கும் டயர்களில் பல, வெள்ளை எழுத்து பொறித்த, தோற்றத்துக்கான டயர்கள். அவற்றின் வேகக் குறியீடு பெரும்பாலும் எஸ், அதாவது மணிக்கு 180 கி.மீ. வரை. அந்த வேகம் எவருக்கும் போதும், ஆனால் ஈரச் சாலையில் பிரேக் அடிக்கும்போது தெரியும் பிடிப்பில் அவை இன்றைய 17 அங்குல டயர்களுக்கு நிகராகா. மலைச்சாலைகளில் வேகமாக ஓட்டவோ, வார இறுதிகளில் பந்தயத் தடத்துக்குப் போகவோ எண்ணினால் 17 அங்குலமே சரி. நல்ல டயர்கள் அனைத்தும் அங்கேதான் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை காலையில் குடும்பத்தோடு ஒரு சுற்று போய்வருவதற்கான கார் என்றால் 15 போதும், பணமும் மிஞ்சும். 16 அங்குலத்தில் 205/55ஆர்16, 225/50ஆர்16 இரண்டும் 24.9 அங்குல உயரத்தில் சாதாரணக் கார்களுக்கான டயர்களாகவே எளிதில் கிடைக்கின்றன. ஆனால் அந்த அளவில் பழைய பாணி ரிம்களின் தேர்வு குறைவு. 18 அங்குலத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். 225/40ஆர்18 டயரின் பக்கச்சுவர் 90 மி.மீ.தான், அறுபதுகளின் மெல்லிய உடற்கூடு அந்த அடியை வாங்குவதற்குக் கட்டப்பட்டதன்று, கதவும் கண்ணாடியும் கிடுகிடுக்கும்.

நான்கு சக்கரத்துக்கும் ஒரே உயரம் வைப்பதா, பின்னால் சற்று உயரமா என்றும் கேட்பீர்கள். முன்னால் 24.6, பின்னால் 25.3 அல்லது 25.7 என்று வைத்தால், விட்ட வேறுபாட்டில் பாதி மட்டுமே காரின் பின்பகுதியை உயர்த்தும். அதாவது அரை அங்குலம் அல்லது அதற்கும் குறைவு. அந்தச் சிறு முன்சாய்வு இந்த உடலமைப்புக்கு நன்றாகவே இருக்கும். ஒரே ஒரு விலை உண்டு: டயர்களை முன்பின்னாக மாற்றிப் பூட்ட முடியாது.

துளை அமைப்பில் தவறு நேர வாய்ப்பு குறைவு, எனினும் சொல்லிவிடுகிறேன். வி-8 மஸ்டாங்குக்கு ஐந்து துளை, 4.5 அங்குல வட்டம், அதாவது 114.3 மி.மீ.; ஆறு சிலிண்டர் கார்களில் நான்கு துளை. கமாரோ போன்ற ஜெனரல் மோட்டார்ஸ் கார்களின் ரிம்மில் ஐந்து துளை இருந்தாலும் வட்டம் 4.75 அங்குலம், பார்வைக்கு ஒன்றுபோலத் தெரியும், பூட்டக் கூடாது. திருகுத் தண்டு அரை அங்குலம், அங்குலத்துக்கு 20 புரி. அலாய் ரிம் தடிமனாக இருப்பதால், நட்டு குறைந்தது எட்டுச் சுற்றாவது தண்டில் இறங்குகிறதா என்று எண்ணிப் பாருங்கள். இறங்காவிட்டால் நீளமான தண்டு மாற்ற வேண்டும். நட்டின் வகையும் ரிம்மைப் பொறுத்தது. கூம்பு முனையா, வாஷருடன் கூடிய நேர்கழுத்தா என்பதை ரிம் வாங்கும்போதே கேட்டு, அந்த ரிம்முக்கான நட்டையே வாங்குங்கள்.

டயரின் எடை தாங்கும் குறியீட்டையும் பாருங்கள். 215/45ஆர்17 சாதாரண வகையில் 87 வரும், அது டயர் ஒன்றுக்கு 545 கிலோ; 205/60ஆர்15 டயருக்கு 91, அது 615 கிலோ. காரின் எடை ஏறத்தாழ 1,300 கிலோவும் அதில் பாதிக்கு மேல் முன்பக்கமும் இருப்பதால் இரண்டுமே தாங்கும். நான்கு பேரும் பெட்டி நிறையச் சாமானும் ஏற்றிப் பயணம் போகும் வழக்கம் இருந்தால் 17 அங்குலத்தில் கூடுதல் எடை தாங்கும் வகையை வாங்குவது நல்லது.

கடைசியாக, டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும்; முதல் இரண்டு இலக்கம் தயாரான வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. இத்தகைய கார்கள் குறைவாகவே ஓடுவதால் டயர் தேய்வதற்கு முன் மூப்படைந்துவிடும்; கடையில் ஏற்கெனவே மூன்று நான்கு ஆண்டு கிடந்த டயரைப் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். பூட்டிய பிறகு முறுக்குவிசைச் சாவியால் இறுக்கி, முதல் 80 கி.மீ. ஓட்டியதும் குளிர்ந்த நிலையில் மறுபடியும் இறுக்குங்கள். அலாய் ரிம் முதலில் சற்று அமரும். அப்போதே டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு நான்கு குழிகளுக்குள்ளும் குனிந்து பாருங்கள். எங்காவது உரசியிருந்தால் டயரின் தோளிலோ உள்சுவரின் வண்ணத்திலோ பளபளப்பான கீறல் தெரியும், அது எந்தப் பக்கம் எவ்வளவு நகர வேண்டும் என்பதையும் அதுவே காட்டிவிடும்.